அப்டேட்டுக்குப் பிறகு ஷேர் டிரைவ் திறக்கவில்லையா? நீலகிரி அலுவலகங்களுக்கான கேள்வி-பதில்

விண்டோஸின் மாதாந்திர அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அங்கே அது காலை நேரம், நமக்கு அன்று இரவு. புதன், வியாழன் காலையில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து அலுவலகங்களில் இருந்து ஒரே மாதிரி போன் வருவது அதனால்தான். "அண்ணா, நேத்து வரைக்கும் இசட் டிரைவ் நல்லா இருந்துச்சு, இன்னிக்குத் திறக்கவே மாட்டேங்குது."

கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் இல்லாத தேயிலை பேக்டரி, கூட்டுறவு சங்கம், பள்ளி அலுவலகம், காட்டேஜ் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். அங்கெல்லாம் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு மெயின் சிஸ்டம், அதில் ஷேர் செய்த ஒரு ஃபோல்டர், மற்ற சிஸ்டங்களில் அது இசட் டிரைவாகத் தெரியும். பசுந்தேயிலை எடை, விவசாயிகள் கணக்கு, மாதச் சம்பளம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

டிரைவ் திறக்கவில்லை என்றால் உள்ளே இருந்த ஃபைல்கள் போய்விட்டதா?

இல்லை. ஃபைல்கள் இருப்பது மெயின் சிஸ்டத்தின் ஹார்டு டிஸ்கில். உங்கள் சிஸ்டத்தில் தெரியும் இசட் டிரைவ் அங்கே போகும் ஒரு வழி மட்டும்தான். அப்டேட் அந்த வழியைத்தான் தொட்டிருக்கிறது. மெயின் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், எல்லாம் இருக்கும். வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்த ஃபோல்டரை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் கை வைக்கும்போதுதான் உண்மையான இழப்பு நடக்கிறது.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எந்தப் பக்கம் கோளாறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா சிஸ்டத்திலும் திறக்கவில்லையா, ஒன்றில் மட்டுமா? எல்லாவற்றிலும் என்றால் மெயின் சிஸ்டத்தில் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது ரூட்டர், கேபிள் பக்கம். ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஒன்றில்தான் வேலை. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்து, இரண்டு சிஸ்டத்தையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட் டவுன் செய்தாலும் உள்ளே ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டுத் திரும்ப வரும். ரீஸ்டார்ட்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். பாதியில் நிற்கும் அப்டேட்டும் அதில்தான் முடியும்.

பிறகு மெயின் சிஸ்டத்தின் ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரியைப் பாருங்கள். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'ஈதர்நெட்', அங்கே ஐபிவி4 என்ற வரியில் இருக்கும். அது 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். திறக்காத சிஸ்டத்தில் விண்டோஸ் பட்டனையும் ஆங்கில ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் \\192.168.1.20 என்று அடித்து என்டர் கொடுங்கள். ஃபோல்டர் திறந்துவிட்டால் நெட்வொர்க் சரி, பெயர் கண்டுபிடிப்பதில்தான் கோளாறு. பாஸ்வேர்டு கேட்டால் வழி சரி, அனுமதிதான் சிக்கல். எதுவுமே வராமல் சுற்றிச் சுற்றி நின்றால் கேபிள், ஃபயர்வால், ஐபி எண் இவற்றில் ஒன்று.

திரையில் வரும் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம்?

அதை மூடிவிடாமல் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 80070035 என்று முடியும் எண் வந்தால், மெயின் சிஸ்டத்துக்குப் போகும் பாதையே கிடைக்கவில்லை என்று பொருள். 'ஆக்சஸ் இஸ் டினைடு' என்றால் அங்கே போய்ச் சேர்ந்தாயிற்று, இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை. 1326 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 1219 என்றால் அதே சிஸ்டத்துக்கு ஏற்கெனவே வேறு பெயரில் ஒரு இணைப்பு திறந்து கிடக்கிறது. பழைய இசட் டிரைவை 'டிஸ்கனெக்ட்' செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் அது விலகும்.

'ஆர்கனைசேஷனின் செக்யூரிட்டி பாலிசி கெஸ்ட் ஆக்சஸைத் தடுக்கிறது' என்ற செய்தியைப் பார்த்து, ஹெட் ஆபீஸில் யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. யாரும் பூட்டவில்லை. அது விண்டோஸின் புது வழக்கம். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்டேட் ஆனதில் இருந்து ஒரு சிஸ்டத்துக்கும் மெயின் சிஸ்டம் கண்ணிலேயே படவில்லை. ஏன்?

பெரும்பாலும் நெட்வொர்க் வகை மாறியிருக்கும். ஒவ்வொரு இணைப்பையும் விண்டோஸ் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று இரண்டாகப் பிரிக்கிறது. பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்ட் வைஃபை மாதிரி ஊரார் நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, ஃபயர்வால் ஷேரிங்கை அடைத்துவிடும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகோ, ரூட்டர் மாற்றிய பிறகோ, இதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து விண்டோஸ் பப்ளிக் ஆக்கிவிடுவதுண்டு.

மெயின் சிஸ்டத்தில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய் உங்கள் இணைப்பைத் தொட்டால் 'நெட்வொர்க் புரொஃபைல் டைப்' இருக்கும். அதைப் பிரைவேட் ஆக்குங்கள். அப்புறம் அதே 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்'. அங்கே பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' இரண்டும் ஆன் ஆக இருக்க வேண்டும். ஃபயர்வாலையே முழுக்க ஆஃப் செய்யச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஷேரிங்குக்கு வேண்டியது 445 என்ற ஒரு கதவு மட்டும்தான். இந்த இரண்டு சுவிட்சையும் ஆன் செய்தாலே விண்டோஸ் அதைத் திறந்துவிடும். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸுக்குச் சொந்தமாக ஒரு ஃபயர்வால் இருந்தால், அதிலும் இந்த நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்க வேண்டும்.

மெயின் சிஸ்டம் தூங்கிப்போவதும் ஒரு காரணம். 'பவர்' செட்டிங்ஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். சாப்பிட்டுவிட்டு வந்த பிறகுதான் டிரைவ் போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

பாஸ்வேர்டு கேட்கிறது. நாங்கள் தினமும் போடும் நான்கு எண்ணைப் போட்டால் எடுக்கவில்லையே?

அந்த எண்ணின் பெயர் 'பின்' (PIN). அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய மட்டும். நெட்வொர்க் வழியாக வரும்போது 'பின்' செல்லாது, அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். மெயின் சிஸ்டத்தில் மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி போட்டு நுழைகிறீர்கள் என்றால், அந்த மெயிலின் பாஸ்வேர்டு. அதைத் தொடங்கிக் கொடுத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார், அந்த பாஸ்வேர்டு இப்போது யாருக்கும் தெரியாது. இது எல்லா அலுவலகத்திலும் நடக்கிற கதை.

பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் உதவாது. வெற்று பாஸ்வேர்டு உள்ள கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது, நேரில் உட்கார்ந்து நுழைய மட்டும்தான் விடும்.

இந்த இரண்டுக்கும் தீர்வு ஒன்றே, அடுத்த பதிலில் இருக்கிறது.

24எச்2 வந்த பிறகு கெஸ்ட் ஆக்சஸ் தடுக்கப்பட்டது என்று வருகிறது. இத்தனை வருஷம் பாஸ்வேர்டு இல்லாமல்தானே ஓடியது?

ஓடியது. பாஸ்வேர்டு இல்லாமல் வருபவரை 'கெஸ்ட்' என்று ஏற்றுக்கொள்வது பழைய வழக்கம். ஆள் யாரென்று கேட்காமல் கேட்டைத் திறந்துவிடும் வாட்ச்மேன் மாதிரி. நல்லவர் வரும்வரை தொந்தரவில்லை. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ப்ரோ சிஸ்டங்களில் இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டது. அதோடு, அனுப்பும் ஒவ்வொரு தகவலிலும் கையொப்பம் இருக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கியது. 'எஸ்எம்பி சைனிங்' என்று அதைச் சொல்கிறார்கள். எஸ்எம்பி என்பது ஃபோல்டரை ஷேர் செய்ய விண்டோஸ் சிஸ்டங்கள் தங்களுக்குள் பேசும் மொழி. வழியில் யாரும் இடையில் புகுந்து தகவலை மாற்றவில்லை என்று உறுதிப்படுத்துவது அதன் வேலை. கெஸ்ட்டாக வருபவரிடம் பாஸ்வேர்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லாமல் கையொப்பம் போட முடியாது. அதனால் இரண்டு பக்கமும் அடைபடுகிறது. ஹோம் பதிப்பில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே அலுவலகத்தில் ஒரு லேப்டாப்பில் திறந்து இன்னொன்றில் திறக்காமல் போவதற்கு இதுவும் காரணம்.

தடையை ஆஃப் செய்வதற்கு குரூப் பாலிசியில் வழி இருக்கிறது. அதை நான் செய்து கொடுப்பதில்லை. அந்த ஃபோல்டரில் இருப்பது நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகளின் இலைக் கணக்கு. மாதக் கடைசியில் அதில் ஒரு எண் மாறினாலும் அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள். யார் எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத ஃபோல்டரில் அதை வைக்கக்கூடாது.

சரியான வழிக்கும் அதிக நேரம் பிடிக்காது. மெயின் சிஸ்டத்தில் ஷேரிங்குக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்குங்கள். செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுண்ட்'. மெயில் ஐடி கேட்கும் இடத்தில், இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியைத் தொட்டு, அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு எளிய பெயர், கொஞ்சம் நீளமான பாஸ்வேர்டு. ப்ரோ பதிப்பாக இருந்தால் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' உள்ளே இந்தப் பயனரைத் திறந்து 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். இதை விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் பாஸ்வேர்டு காலாவதியாகி மறுபடியும் இதே புகார் வரலாம்.

அப்புறம் ஃபோல்டரில் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்'. 'ஷேரிங்' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு ஷேரிங்', 'பெர்மிஷன்ஸ்' போய் புதுப் பயனருக்கு 'சேஞ்ச்', 'ரீட்' இரண்டும் கொடுங்கள், 'எவ்ரிஒன்' என்பதை எடுத்துவிடுங்கள். இத்தோடு நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. பக்கத்திலேயே 'செக்யூரிட்டி' என்ற இன்னொரு பக்கம் இருக்கிறது, அதிலும் அதே பயனரைச் சேர்த்து 'மாடிஃபை' கொடுக்க வேண்டும். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். ஒன்றில் முழு அனுமதி, இன்னொன்றில் ஒன்றுமில்லை என்றால் கிடைப்பது ஒன்றுமில்லைதான்.

கடைசியாக மற்ற சிஸ்டங்கள். பழைய இசட் டிரைவை டிஸ்கனெக்ட் செய்யுங்கள். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்', 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' போய் மெயின் சிஸ்டத்தின் பெயரிலோ ஐபி எண்ணிலோ இருக்கும் பழைய பதிவை நீக்குங்கள். பிறகு 'மேப் நெட்வொர்க் டிரைவ்' போட்டு, வேறு பெயரில் இணை என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். பயனர் பெயரை மட்டும் அடிக்காமல், மெயின் சிஸ்டத்தின் பெயர், ஒரு \ குறி, அதன் பின் பயனர் பெயர் என்று அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரைத் தன்னுடைய கணக்கு என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் தப்பாக அனுப்பலாம். 'ரிமெம்பர்' கட்டத்திலும் டிக் போட்டால் மறுபடி கேட்காது.

நேரம் கிடைத்தால், ஆளுக்கு ஒரு பயனர் பெயர் கொடுங்கள். எடை போடுபவர் கணக்கு ஃபோல்டரைப் பார்க்க மட்டும், கணக்கர் மாற்றவும் என்று அப்போதுதான் பிரிக்க முடியும்.

வீடியோவில் எஸ்எம்பி 1 டிக் போட்டால் உடனே சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம்.

எஸ்எம்பி 1 என்பது அந்த ஷேரிங் மொழியின் பழைய பதிப்பு. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் அந்த டிக் இருப்பது உண்மை. சில இடங்களில் அதைப் போட்டதும் டிரைவ் திறப்பதும் உண்மை. ஆனால் 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு சிஸ்டத்தில் நுழைந்தால் யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே பக்கத்து சிஸ்டங்களுக்குத் தாவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அதே வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் சிஸ்டங்களில் எஸ்எம்பி 1 வருவதில்லை.

விண்டோஸ் 7-இல் இருந்து 11 வரை எல்லாமே எஸ்எம்பி 2 தெரிந்தவை. இரண்டு பக்கமும் அவைதான் என்றால் எஸ்எம்பி 1 போட்டுத் திறந்தது தற்செயல், உண்மைக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எங்களிடம் எடை மேடைக்கு இன்னும் எக்ஸ்பி சிஸ்டம்தான். பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்கும் இருக்கிறது. என்ன செய்ய?

எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 தவிர வேறு தெரியாது. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரலில். அதற்காக மற்ற எல்லா சிஸ்டத்தையும் கீழே இறக்குவது நியாயமில்லை. எடை மேடையோடு பேசும் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு சீரியல் போர்ட் மட்டும்தான். யுஎஸ்பியில் இருந்து சீரியலுக்கு மாற்றும் சின்ன வயர் கடையில் கிடைக்கும். எடை சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஓடுமா என்று அதைக் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஓடும் என்றால் அந்தப் பழைய பெட்டியை ஓய்வுபெற வைக்கலாம். ஓடாது என்றால், எக்ஸ்பியை நெட்வொர்க்கில் இருந்து கழற்றிவிட்டு அன்றன்று எடை விவரத்தைப் பென் டிரைவில் கொண்டுபோவதே மேல். கொஞ்சம் நடை அதிகம், ஆனால் மற்ற எல்லாம் பத்திரம்.

நெட்வொர்க் ஹார்டு டிஸ்க் என்றால் முதலில் அதன் சொந்த சாஃப்ட்வேருக்கு அப்டேட் இருக்கிறதா பாருங்கள். சைனாலஜி, க்யூநாப் போன்றவற்றில் எஸ்எம்பி அமைப்புக்குள் போய் அதிகபட்சம் எஸ்எம்பி 3 என்று வைக்கலாம். 'சிக்னேச்சர் இஸ் இன்வேலிட்' என்ற வகைச் செய்தி வந்தால் அந்தப் பெட்டிக்குக் கையொப்பம் போடத் தெரியவில்லை என்று அர்த்தம், புது சாஃப்ட்வேர் தேவை. ரூட்டரின் பின்னால் யுஎஸ்பியில் டிஸ்க்கைச் செருகி ஷேர் செய்திருந்தால், பழைய ரூட்டர் பலவற்றில் எஸ்எம்பி 1 மட்டும்தான். டிஸ்க்கைக் கழற்றி மெயின் சிஸ்டத்தில் மாட்டி அங்கிருந்து ஷேர் செய்துவிடுங்கள்.

'நெட்வொர்க்' பகுதியில் எந்த சிஸ்டமும் தெரியவில்லை. ஆனால் ஐபி எண் அடித்தால் திறக்கிறது.

அப்படியென்றால் கவலையில்லை. பட்டியலில் காட்டுவது தனி சர்வீஸ்களின் வேலை. 'சர்வீசஸ்' திறந்து, 'ஃபங்ஷன் டிஸ்கவரி' என்று தொடங்கும் இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி ஸ்டார்ட் செய்தால் பட்டியல் வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, டிரைவை ஐபி எண் வைத்து மேப் செய்துகொள்ளலாம்.

இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி, கிளிக் செய்தால் திறக்கிறது. டேலி மட்டும் டேட்டா இல்லை என்கிறது.

சிவப்புக் குறிக்குக் காரணம் அவசரம். நெட்வொர்க் தயாராவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவை இணைக்கப் பார்த்து, தோற்று, குறி போட்டுவிடுகிறது. ஒருமுறை திறந்தால் போய்விடும்.

டேலி கதை வேறு. 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்திருக்கிறீர்களா பாருங்கள். சாதாரணமாக நுழைந்தபோது மேப் செய்த டிரைவ், அட்மினாகத் திறக்கும் புரோகிராமுக்குத் தெரியாது. விண்டோஸ் அந்த இரண்டையும் வெவ்வேறு ஆளாகப் பார்க்கிறது. டேலியை டபுள் கிளிக் செய்து சாதாரணமாகத் திறந்தால் டேட்டா வந்துவிடும். அப்படியும் வராவிட்டால், டேட்டா இருக்கும் இடத்தை இசட் என்று கொடுக்காமல் \\ போட்டுத் தொடங்கும் முழுப் பாதையாகக் கொடுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். டேட்டா இல்லை என்று வரும்போது, புது கம்பெனி உருவாக்கு என்று கேட்கும் இடத்தில் 'எஸ்' கொடுத்துவிடாதீர்கள். ஒரு நாள் பதிவு வேறு ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொண்டால், பிறகு அதைச் சேர்ப்பது பெரிய வேலை.

அப்டேட் எதுவும் இல்லை, மழையில் கரண்ட் போய் வந்த பிறகு இதேதான் நடக்கிறது.

நம் மலையில் இது அப்டேட்டைவிட அடிக்கடி வரும் தொந்தரவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கம், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம். மரம் விழுந்து லைன் அறுந்தால் கரண்ட் வருவதற்கு நேரமாகும். வந்ததும் ரூட்டர் எல்லா சிஸ்டத்துக்கும் ஐபி எண்ணைப் புதிதாகக் கொடுக்கும். நேற்று 192.168.1.20 ஆக இருந்த மெயின் சிஸ்டம் இன்று 192.168.1.23 ஆகிவிட்டால், பழைய எண்ணைத் தேடும் இசட் டிரைவ் திறக்காது. ரூட்டர் பக்கத்துக்குள் போய் மெயின் சிஸ்டத்துக்கு ஒரே எண்ணை ஒதுக்கி வையுங்கள். 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' என்று இருக்கும். மெயின் சிஸ்டத்துக்கு மட்டுமின்றி, ரூட்டர், நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி இரண்டுக்கும் யுபிஎஸ் கொடுங்கள்.

கேபிளையும் பாருங்கள். கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. ஆபீஸில் இருந்து இலை எடை போடும் ஷெட்டுக்குப் போகும் கேபிளின் முனையை உருவிப் பாருங்கள். மாதக்கணக்கில் மூடுபனியில் கிடந்தால் அந்தச் சின்ன உலோகப் பற்களில் பச்சை படிந்திருக்கும், பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்து செருகினால் ஆடும். அந்த முனையை வெட்டிப் போட்டுப் புது கனெக்டர் அடிப்பதுதான் வைத்தியம். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போனால் இணைப்பு நம்பகமாக இருக்காது. அதற்கு மேல் தூரம் என்றால் இடையில் ஒரு சுவிட்ச் வேண்டும். திறந்தவெளியில் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே போகும் லைனுக்கு ஃபைபர் போட்டால், இடி நேரத்தில் கேபிள் வழியாக மின்சாரம் ஏறி இரண்டு பக்கமும் போர்ட் கருகும் கதை இருக்காது.

எல்லா சிஸ்டத்தையும் ஒன்றாக வாங்கி ஒரே மாதிரி லோடு செய்தோம். இப்போது சரியான பாஸ்வேர்டு போட்டாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

ஒரு சிஸ்டத்தில் விண்டோஸ் போட்டு, அந்த டிஸ்க்கையே அப்படியே மற்றவற்றுக்குக் காப்பி எடுத்தார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு விண்டோஸுக்கும் உள்ளே 'எஸ்ஐடி' என்ற தனி அடையாள எண் இருக்கும். முறையாகத் தயார் செய்யாமல் காப்பி எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எண் வந்துவிடும். முன்பெல்லாம் அதனால் தொந்தரவு தெரிந்ததில்லை. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகள், விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளில் இதைச் சோதிக்கின்றன. இரண்டு சிஸ்டத்துக்கும் ஒரே எண் என்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.

நிரந்தரத் தீர்வு, அந்த சிஸ்டங்களில் விண்டோஸை முறைப்படி புதிதாகப் போடுவதுதான். லோடு செய்து கொடுத்தவரிடம் இதைச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. மெயின் சிஸ்டத்தைத் தொட வேண்டாம், மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம்.

அப்டேட்டையே நீக்கிவிட்டால் என்ன? இனி வராமல் நிறுத்தவும் முடியுமா?

மாதக் கடைசி, நாளைக் காலை விவசாயிகளுக்குப் பணம் போட வேண்டும், வேறு வழியில்லை என்றால் நீக்கலாம். செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்', 'அப்டேட் ஹிஸ்டரி', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. பதிப்பே மாறியிருந்தால் 'ரிகவரி' பகுதியில் 'கோ பேக்' இருக்கும், வழக்கமாக 10 நாளுக்குள் செய்ய வேண்டும். அந்த வாரம் போனதும் மறுபடி போட்டு, காரணத்தைச் சரி செய்யுங்கள். அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், வான்னாக்ரை கதையை மேலேயே சொன்னேன்.

நிறுத்துவதற்குப் பதில் நேரத்தை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதில் சில வாரங்கள் தள்ளி வைக்கலாம். பணம் பட்டுவாடா ஆகும் நாட்களைத் தாண்டி ஒரு தேதி வையுங்கள். முதலில் ஒரு சிஸ்டத்தில் மட்டும் அப்டேட் விட்டு, இசட் டிரைவ், டேலி, பிரின்டர் மூன்றும் ஓடுகிறதா என்று ஒரு நாள் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு விடுங்கள். மெயின் சிஸ்டம் கடைசி. இன்டர்நெட் வேகம் குறைந்த இடங்களில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' ஆன் செய்தால், ஒரு சிஸ்டம் இறக்கியதை மற்றவை லோக்கலாகவே வாங்கிக்கொள்ளும்.

காட்டேஜில் ரிசப்ஷன் சிஸ்டம் மட்டும் ஆபீஸ் ஃபோல்டரைப் பார்க்க மறுக்கிறது.

அது விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கும். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது என்றுதான் ரூட்டர் தடுத்து வைக்கிறது, அது நல்லதுதான். ரிசப்ஷனை ஆபீஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். தடையை எடுத்து விருந்தினரையும் ஆபீஸையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

நாங்கள் இன்னும் விண்டோஸ் 10. எங்களுக்கு இந்தத் தொந்தரவு வராதுதானே?

மெயின் சிஸ்டம் 10 ஆக இருந்து, புதிதாக வாங்கும் லேப்டாப் 11 ப்ரோ ஆக இருந்தால் கெஸ்ட் பிரச்சினை நாளைக்கே வரும். அதோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத சிஸ்டங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. மாற்றும் எண்ணம் இருந்தால் மெயின் சிஸ்டத்தில் இருந்து தொடங்குங்கள், கணக்கு இருப்பது அங்கேதான். மாற்றும்போதே தனிப் பயனர், பாஸ்வேர்டு, நிலையான ஐபி எண் மூன்றையும் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை. ஆளைக் கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும்?

'டிரைவ் வரல' என்று மட்டும் சொன்னால் அவர் ஊட்டியில் இருந்து கிளம்பி வந்துதான் மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை சிஸ்டத்தில் திறக்கவில்லை, பிழைச் செய்தியின் போட்டோ, இரண்டு சிஸ்டத்தின் விண்டோஸ் பதிப்பு, மெயின் சிஸ்டத்தின் இன்றைய ஐபி எண், கடைசியாக எந்த நாள் எந்த அப்டேட் ஏறியது, இவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதிப்பு செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' பக்கத்தில் இருக்கும், அப்டேட் விவரம் 'அப்டேட் ஹிஸ்டரி'யில் இருக்கும். ஐபி எண் அடித்தபோது என்ன நடந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், அவர் வந்ததும் நேரில் அடித்துக் கொடுங்கள்.